ஈறை மறைத்த பல்

ஞானஜோதி டீச்சருக்கு அந்தச் சனிக்கிழமை எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. படப்பைப் பள்ளியில் ஏழாம் வகுப்போடு தொண்டை வறளக் கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே தாம்பரம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துச் சேலையூர் சேர்ந்திருந்தாள். பல் டாக்டரின் நாற்காலி சாய்ந்ததும், அப்பாடா, இப்படியே தூங்கிவிடலாமா என்று தோன்றியது. யார் விடுகிறார்கள்?

"ரத்தம் வருதுன்னு சொல்லவே இல்லையே டீச்சர்?" டாக்டர் மிருதுளா மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டதும் பஞ்சு சிவந்துவிட்டது.

"வலிச்சிருந்தா வந்திருப்பேன் டாக்டர். அதுவும் இது நீங்க வச்ச பல்லு. இதுக்கு என்ன நோய் வரப்போகுது?"

"பல்லுக்கு வராது. அதைப் பிடிச்சிருக்கிற எலும்புக்கு வரும்."

எக்ஸ்ரேயில், பல்லைத் தாங்க எலும்புக்குள் இறக்கிய திருகாணி வெள்ளையாக நின்றது. அதன் இரு பக்கமும் எலும்பு கரைந்து கறுப்பாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. இப்படியே விட்டால் ஆட்டம் கண்டு, கடைசியில் கழற்றத்தான் வேண்டும் என்றாள் டாக்டர்.

வினை எங்கே தொடங்கியது என்று ஞானஜோதிக்குத் தெரியும். கீழ்க்கட்டளையில் ஸ்கூட்டர் சறுக்கி மேல் முன்பல் போனது. அந்த இடத்தில் திருகாணி இறக்கி இம்ப்ளான்ட் வைத்தார்கள். அதன் மேல் பல் வடிவில் முதலில் போட்ட தற்காலிகக் கேப்புக்கும் ஈறுக்கும் நடுவே சந்து இருந்தது. அவள் 'ச' என்றால் காற்று விசிலடித்தது. வகுப்பில் பின்பெஞ்சுக்காரர்கள் பதிலுக்கு விசிலடித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிறு ஆராதனையில் மைக் முன்னால் வேதபாடம் வாசிப்பவள் அவள். டிபன் பாக்ஸ் எங்கே, விடைத்தாள் திருத்தியாச்சா என்று எவரும் கேட்காத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். அதிலும் விசில் என்றால் எப்படி?

நிரந்தரக் கேப் செய்யும்போது, அந்த இடைவெளியை அடைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பிரஷ் உள்ளே போக வழி வேண்டும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே! கடைசியில் ஈறின் மேல் கவிந்து உட்காரும்படி அகலமாகச் செய்து மாட்டினார்கள். பார்க்க அம்சமாக இருந்தது, மைக்கில் ஒவ்வொரு எழுத்தும் மணிமணியாய் விழுந்தது. அடியில் சோற்றுத் துணுக்கும் அழுக்கும் தங்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? சுத்தம் செய்ய வரச் சொன்னதையும் பரீட்சை, கிறிஸ்துமஸ் என்று தள்ளிப்போட்டாள்.

"அன்னிக்கு நானும் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது," என்றாள் டாக்டர். "சுத்தம் பண்ணிட்டு, கேப்பை ஒடுக்கமா மாத்திடலாம். சின்ன பிரஷ் போய் வரும். ஆனா காத்தும் போகும்."

"போன எலும்பு?"

"அது பெருசா திரும்பாது டீச்சர். இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"ஒண்ணு பல்லு போகணும், இல்லாட்டி வாசிப்பு போகணும். நல்ல நியாயம்!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சண்டை போடவும் தெம்பில்லை. "செய்யுங்க," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

புதுக் கேப் மாட்டிய அன்று அவளுடைய கணவர் ஐசக் நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஆயர்கிட்ட பேசிடறேன் ஜோதி. இனிமே பாடகர் குழுவில இருக்கிற கிறிஸ்டி வாசிக்கட்டும். பல்லு நின்னுச்சே, அது போதும்."

"எனக்கு எதுக்குங்க முன்பல்லு, கரும்பு கடிக்கவா? வாசிக்கத்தானே வச்சேன்!"

ஆயருக்குப் பேச எடுத்த போனை ஐசக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே மைக் முன் போய் நின்றாள். முதல் வரியிலேயே விசில் கிளம்பி ஒலிபெருக்கியில் கோயில் முழுக்கக் கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பாடகர் குழுவிலும் யாரோ இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார்கள். முகம் தீயாய் எரிந்தது. வேதபுத்தகம் வைத்திருந்த மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'ச' வரும் இடங்களை முழுங்கிவிட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது. ஓடவில்லை. ஒரு சொல்லையும் விடாமல், விசிலோடே, கடைசி வரி வரை வாசித்து முடித்து வந்து உட்கார்ந்தாள்.

ஐசக் அவள் முகத்தையே பார்த்தார்.

"அடுத்த வாரமும் என் பேரையே போடச் சொல்லுங்க," என்றாள். "சிரிக்கிறவங்க எத்தனை வாரம் சிரிப்பாங்க?"