பிடரியில் எரிந்த வெள்ளை விளக்கு

அதிகாலை நாலு மணி பத்து நிமிடம். முதல் பஸ்ஸைப் பிடிக்க அக்கா வீட்டிலிருந்து சாலைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை வெளிச்சம். வளைவில் ஏதோ பைக் என்னை நோக்கி வருகிறது என்று ஒதுங்கி நின்றேன். வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது.

போனது அத்தான், அக்காவின் கணவர். பாலுக்காக ரப்பர் மரப்பட்டையைக் கீறும் ரப்பர் வெட்டு அவர் வேலை. இருட்டில் மரத்தைப் பார்த்து வெட்ட, நெற்றியில் விளக்கு கட்டிக்கொள்வார்கள். அவருடைய சைக்கிளில் முன்விளக்கு உண்டு. பின்னால் எதுவும் இல்லை. அதனால் தோட்டம் போய்ச் சேரும்வரை நெற்றி விளக்கைப் பிடரிக்குத் திருப்பி எரியவிடுவார். பின்னால் வருகிறவனுக்கு ஆள் தெரியுமே என்பது அவர் கணக்கு.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். முழங்கையில் ரத்தம். இனயம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த டெம்போ பின்னாலிருந்து உரசிவிட்டது.

"எதிர்க்க பைக் வருதுன்னு டெம்போக்காரன் இடப்பக்கம் ஒதுங்கினானாம். இவ்வளவு லைட்டு போட்டும் தெரியலன்னா அவன் குருடனா?"

அக்கா காயத்தில் தண்ணீர் ஊற்றினாள். "இந்த லைட்டு பத்தாது. நாளைக்கு டியூப் லைட்டைக் கட்டிட்டுப் போங்க. ஆளு முழுசா வந்ததே பெரிசு."

அவர் போனபோது எனக்கும் எதிரே பைக் வருவதுபோலத்தான் தெரிந்தது என்று சொன்னேன். அத்தான் நம்பவில்லை.

"அப்போ நீ ஓட்டு மக்கா, பாப்போம்."

விளக்கை அவரைப் போலவே பிடரியில் எரியவிட்டு, வளைவுவரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். அவர் சாலையோரத்தில் அசையாமல் நின்றிருந்தார்.

"நீ போறியா வாறியான்னு தெரியலியே," என்றார்.

விளக்கை வாங்கி அணைத்தார். காயத்தில் துணி சுற்ற வந்த அக்காவைக் கையமர்த்திவிட்டு ஃபோனை எடுத்தார்.

"கூட வெட்டுற ரெண்டு பேருக்கு நான்தான் இப்படிக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன்."

ஒருவரை அழைத்தார். மணி முழுக்க அடித்து நின்றது. மற்றவரை அழைத்தார். அவரும் எடுக்கவில்லை.

"சைக்கிள் ஓட்டும்போது எடுக்க மாட்டாங்க," என்றாள் அக்கா.

அத்தான் மறுபடியும் முதல் எண்ணை அழுத்தினார். இருவரும் நாலு மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பிவிடுகிறவர்கள்.