துணியில் எந்த இடம்?

“துணியெல்லாம் காஞ்சு போயிருந்துச்சும்மா. நானே தொட்டுப் பாத்தேன்,” என்றார் ஏட்டையா.

“எந்த இடத்தைத் தொட்டீங்க?” என்று கேட்டார் பெரியம்மா.

“மொட்டை மாடியிலதாம்மா.”

“அது தெரியுது. துணியில எந்த இடம்?”

ஏட்டையா டீ டம்ளரைக் கீழே வைத்தார். “நடுவுலதான். கொடியில தொங்குற துணியை எல்லாரும் அங்கதானே தொடுவாங்க?”

“உங்க வீட்டுல துணி காயப்போடறது யாரு?”

“என் சம்சாரம்.”

“எடுத்து மடிக்கிறது?”

“அதுவும் அவதான். நான் எடுத்து மாட்டிக்கிட்டு வர்றதோட சரி.”

பெரியம்மா சிரிக்கவில்லை. “நாளைக்குக் காலைல அந்த வீட்டுச் சாவியை வாங்கி வைங்க. அந்தத் துணிங்களும் வேணும். அதே துணிங்க.”

“எதுக்கும்மா?”

“துவைக்கப் போறேன்.”

ஏட்டையா என்னைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்பதுபோல் இருந்தது. எனக்கும் தெரியவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டர், அந்த அலுவலகத்தில் ஒரே பெண். நான் கல்லூரிக்காக அவர் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது.

வழக்கு இதுதான். தனியாக வாழ்ந்த ஒரு முதியவர், தன் வீட்டுக் கூடத்தில் மேசை ஓரமாகத் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். மில்லில் மத்தியானச் சங்கு ஊதும்போது ‘தொம்’ என்று சத்தம் கேட்டது என்றார் அடுத்த வீட்டுக்காரர். அவர் ஓடிவந்து பார்த்தபோது உடலுக்குப் பக்கத்தில் வேலைக்காரப் பெண் நின்றிருந்தாள். பிழைப்பு தேடி வெளி மாநிலத்திலிருந்து வந்தவள். நம் பாஷை அவளுக்கு அரைகுறை. “மேல... துணி... மேல...” என்று கையை உயர்த்திக் காட்டினாளே தவிர, வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாடியேறிப் பார்த்தால் கொடியில் துணிகள் காய்ந்து கிடந்தன. அப்படியானால் அவை காலையிலேயே காயப்போட்டவை, இவள் சொல்வது பொய், பொய் சொல்கிறவள்தான் தள்ளிவிட்டிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மயக்கம் வந்து விழுந்திருந்தாலும் இப்படி அடிபடலாம் என்று டாக்டர் எழுதியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் கோர்ட். அதற்குப் பிறகு அவள் கொலைக் கைதி.

பெரியம்மா போலீஸில் சேர்ந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை, அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. எந்த வீட்டில் திருட்டு, எந்த வீட்டில் சாவு என்றாலும் ஆண்கள் கூடத்தில் அளந்துகொண்டும் படம் பிடித்துக்கொண்டும் இருப்பார்கள். இவரை உள்ளே அனுப்பிவிடுவார்கள். “நீங்க போய் பொம்பளைங்களைப் பாத்துக்கோங்கம்மா.” வருஷக்கணக்காக அடுக்களையிலும் பின்கட்டிலும் குளியலறை வாசலிலும் அவர் உட்கார்ந்திருந்தார். குற்றப்பிரிவுக்கு மாற்றல் கிடைத்தபோது அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிவறைகூடக் கிடையாது. எதிரே இருந்த தையல்காரர் வீட்டுக்குப் போய் வருவார். அந்த வீட்டம்மா தன் வீட்டுச் சாவி ஒன்றை இவரிடமே கொடுத்து வைத்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவர் காதுபடவே சொல்லப்பட்டது.

மறுநாள் நடந்ததை ஏட்டையா பிறகு எங்கள் வீட்டில் நடித்தே காட்டினார்.

பெரியம்மா கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, செத்தவரின் வேட்டி, சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் குழாயடியில் துவைத்துப் பிழிந்தாராம். வாசலில் காவலுக்கு நின்ற இளவட்டங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மேடம், எங்க சட்டையும் ரெண்டு இருக்கு, போட்டுடலாமா?”

“தாராளமா. ஆனா பாக்கெட்டுல என்ன இருக்குன்னு நான் பாத்துடுவேன். பரவாயில்லையா?”

கேட்டவன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே நகர்ந்தானாம்.

முதல் நாளைப் போலவே வெயில் மண்டையைப் பிளந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் கொடியில் போட்டு முடித்தார். அன்று போலீஸ் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்ததோ அவ்வளவு நேரம், துணிகளைத் தொடாமல், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். பிறகு மேலதிகாரியை மாடிக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார். அந்த மேலதிகாரியை எல்லோரும் மீசை என்றுதான் சொல்வார்கள்.

“இது என்னம்மா, டிபார்ட்மென்டா லாண்டரியா?” என்று கேட்டுக்கொண்டே மீசை மேலே வந்தார்.

“தொட்டுப் பாருங்க சார்.”

தொட்டார். அவரும் நடுவில்தான் தொட்டார். “காஞ்சிருக்கு. அதான் ஏட்டு சொன்னாரே.”

“இப்ப கீழ் ஓரத்தைப் பிடிங்க. சட்டைக் காலரை, கைமடிப்பை, போர்வைத் தையலை.”

மீசை போர்வையின் ஓரத்தைப் பிடித்து அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. கையை விரித்துப் பார்த்தாராம்.

பெரியம்மா அன்று போலீஸே எடுத்த புகைப்படத்தை நீட்டினார். கொடிக்குக் கீழே, சிமென்ட் தரையில், துணிகளின் ஓரம் தொங்கிய இடத்தில் மட்டும் ஈரம் சொட்டிக் கறுப்பாக ஒரு கோடு. இப்போது அவர்கள் காலடியிலும் அதே கோடு.

“காலைல போட்ட துணின்னா இந்த போட்டோ எடுக்கறதுக்குள்ள தரை காஞ்சிருக்கும் சார். சங்கு ஊதறப்போ அவ இங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டுத்தான் கீழ ஓடியிருக்கா. அதைத்தான் மேல மேலன்னு கத்திக்கிட்டிருக்கா.”

“இது உங்களுக்கு எப்படிம்மா...” என்று ஆரம்பித்த மீசை, கேள்வியை முடிக்காமல் கீழே இறங்கினார். அன்று மாலையே வழக்கு விபத்தாக மாறியது.

ஏட்டையா இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெரியம்மா கொடியில் துணி எடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்தையும் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். உலகத்தில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். அந்தக் கிள்ளலில் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டுகொள்ள அவர் ஒருத்தர்தான் அங்கே இருந்தார். அவர் இல்லாத காவல் நிலையங்களில் எத்தனை பேர் “மேல, மேல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போயிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

வழக்கு மாறிய அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா என் மேசைக்கு வந்தார். நாளைக் காலை அந்தப் பெண்ணை விடுகிறார்கள் என்றார். அவள் பேசும் பாஷையைத்தான் நான் பள்ளியில் இரண்டாவது மொழியாகப் படித்திருந்தேன்.

“நான் வேணா கூட வந்து சொல்லட்டுமா பெரியம்மா?”

“வேணாம்டா. நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான் இருக்கும்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “‘தப்பு எங்க மேலதான், எங்களை மன்னிச்சிடு.’ இதை அவ பாஷையில எப்படிச் சொல்லணும்? எனக்குச் சொல்லிக்குடு. மெதுவாச் சொல்லு.”