என் பெயர் எழுதிய கட்டு

சிதம்பரத்திலிருந்து ஆபீஸ் வேலையாகக் கடலூர் போனால், மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னப் புத்தகக் கடையில் நுழைவேன். ஒருநாள் நான்கு நாவல்களை எடுத்து வைக்கச் சொன்னேன்.

"பேரு எழுதி வெச்சிடறேம்மா, மெதுவா வாங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கே வந்துவிடுமே என்று அதே நான்கையும் ஆன்லைனில் வாங்கினேன். வேண்டாம் என்று அவருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனபோது அவர் மனைவி கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் ரப்பர் பேண்ட் போட்ட கட்டை நீட்டினார்.

"ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. 'அந்தம்மா வருவாங்க'ன்னு அவரு குடுக்கவே இல்ல. இப்ப செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனா போறாரு."

பணம் கொடுத்து வாங்கி வந்தேன். இன்னும் பிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் துணிக்கடையில்கூட எதையும் எடுத்து வைக்கச் சொல்வதில்லை. புத்தகத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. எனக்குத் தெரிந்த புத்தகக் கடை அது ஒன்றுதான்.