படிவத்தில் எழுதிய மகன்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் காரியாலயத்துக்குள் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். சும்மா சத்தமில்லை. வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை விட்டுவிட்டு யன்னலுக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிற மனிதன் நான். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து விசில் அடிப்பவனிடம்கூட இப்படிக் கத்தியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் மனைவி கேட்டாள். போட்டிருந்தேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபமாக இருந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாம் ஒரு கொம்பியூட்டரில் தொடங்கியது.

சவூதியில் வேலை செய்யும் என் மச்சான் போன வருடம் லீவில் வந்தபோது, பெரிய பெட்டியாக ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கூடவே நாலைந்து ஃப்ளொப்பி. அதில் ஒன்று குடும்ப மரம் போடுகிற புரோகிராம். இவர் இன்னாருடைய மகன், இவள் இன்னாருடைய மனைவி என்று பெயர்களைக் கொடுத்தால் போதும்... கட்டம் கட்டமாகப் போட்டு, கோடு இழுத்து, வம்சத்தையே திரையில் நிறுத்திவிடும். தமிழ் மட்டும் அதற்குத் தெரியாது. ஆதம்பாவாவையும் அகமதுலெப்பையையும் இங்கிலிஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

இந்தச் செய்தி பள்ளிவாசல் செயலாளரின் காதுக்குப் போனது. அரசாங்கத்தின் குடிசன மதிப்பீடு எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துப் பல வருடமாகிறது. ஆனால் எங்களிடம் சொந்தக் கணக்கெடுப்பு ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊருக்குள் அகதிகள் வந்து நிறைந்தபோது, நிவாரணம் பங்கிடுவதற்காக வீடு வீடாகப் போய் எழுதிய படிவங்கள். ஏழு வருடமாகப் பள்ளிவாசல் அலுமாரியில் கறையானுக்குச் சாப்பாடாகக் கிடந்தன. அதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றித் தரும்படி செயலாளர் கேட்டார். இனிமேல் யார் எந்தக் குடும்பம் என்று ஒரு தாளைப் பார்த்தே சொல்லிவிடலாமாம்.

பெருமை ஆளைச் சும்மா விடுமா? மூன்று மாதம், பின்னேரம் பின்னேரமாக உட்கார்ந்து அடித்தேன். முந்நூறு வீடு. கரண்ட் போகும்போதெல்லாம் பாதி வேலை காணாமல் போனது. ஒருவழியாக முடித்து, பிரின்ட் எடுத்து, தாள்களைப் பசை போட்டு ஒட்டி, பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். செயலாளர் விரித்துப் பார்த்துவிட்டு, சோக்கான வேலை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தத் தாள்தான் ஒரு கலியாணத்தை நிறுத்தியது.

எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருக்கிற எல்லோருக்கும் இஸ்மாலெப்பை காக்காவைத் தெரியும். மெயின் ரோட்டில் சைக்கிள் திருத்துகிற கடை அவருடையது. ஒரே மகள், பர்சானா. அவளை றிஸ்வானுக்கு நிக்காஹ் செய்து வைக்க நாள் குறித்திருந்தார். றிஸ்வான் யார்? இஸ்மாலெப்பை காக்காவின் சொந்தத் தங்கச்சி மகன். மாமா மகளை மருமகன் முடிப்பது — எங்கள் பக்கத்தில் இதைவிட நேரான சம்பந்தம் வேறென்ன இருக்கிறது?

றிஸ்வான் இந்த ஊருக்கு வந்தது பதினான்கு வயதில். வயல் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவனுடைய உம்மாவும் வாப்பாவும் அந்தத் தொண்ணூறில் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அந்த வருடத்தை எங்களோடு தாண்டி வந்தவர்களுக்கு எழுதத் தேவையுமில்லை. யாரோ ஒருவருடைய லொறியில் ஏறி வந்து இறங்கிய பொடியனை மாமா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். மகள் பெரிய பிள்ளையானதும் அவனுக்குப் படுக்கை கடைக்கு மாறியது. சாப்பாடு மட்டும் வீட்டில். எல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் படிவம் எழுதப் போன வாத்திமார்களில் நானும் ஒருவன். இஸ்மாலெப்பை காக்காவின் வீட்டுக்குப் போனது நான்தான். தலைவர், மனைவி, மகள் என்று எழுதிவிட்டு, வாசலில் குந்தியிருந்த றிஸ்வானைக் காட்டி என்ன போட என்று கேட்டேன். அநாதைப் பிள்ளைகளுக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் போட்டால் அரிசியும் தனியாகக் கிடைக்கும். அதையும் எடுத்துச் சொன்னேன்.

"அரிசி வேணா சேர். அவன் பாத்துக்கிட்டு இரிக்கான்... மகன் எண்டு போடுங்க."

போட்டேன். பொய் என்று தெரிந்துதான் போட்டேன். இன்றைக்கும் அதில் எனக்குத் துளி வருத்தமில்லை.

என் கோபமெல்லாம் ஏழு வருடம் கழித்து அதே படிவத்தைத் திரும்ப எடுத்த என் மீதுதான் முதலில். கொம்பியூட்டரில் அடிக்கும்போது ஒரு நிமிடம் யோசித்தேனா? படிவத்தில் மகன் என்று இருந்தது. மகன் என்று அடித்தேன். முந்நூறு வீட்டை அடிக்கிறவனுக்கு விரல்தான் வேலை செய்கிறது, மண்டை எங்கே வேலை செய்கிறது? புரோகிராம் தன்பாட்டில் இஸ்மாலெப்பைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தது. ஒன்று பர்சானாவுக்கு. மற்றது றிஸ்வானுக்கு. கூடப்பிறந்த காக்காவும் தங்கச்சியுமாக்கி வைத்துவிட்டேன்.

கலியாண வேலையெல்லாம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். இவனோ ஏற்கனவே அந்த வீட்டுப் பிள்ளை. எந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை அழைத்துக்கொண்டு போவது என்று நாங்களெல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து போகட்டும் என்று என் மனைவி முடிவே பண்ணிவிட்டாள். இனி, நிக்காஹ்வுக்குத் தடையில்லை என்று பள்ளிவாசல் தருகிற கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டுப் போன இஸ்மாலெப்பை காக்காவுக்கு முன்னால் செயலாளர் நான் ஒட்டிக் கொடுத்த தாளை விரித்தார். இரண்டு கட்டத்திலும் விரலை வைத்தார். கடிதம் தர ஏலாது என்றார்.

செயலாளர் வெளியூர்க்காரர் இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை றிஸ்வானிடம் டியூப் ஒட்டுகிறவர். அவன் யாருடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும், நன்றாகத் தெரியும். அதை அவரே ஒத்துக்கொண்டும் இருக்கிறார். தனக்குத் தெரிந்து என்ன செய்ய, ரெக்கோட்டில் அப்படி இல்லையே என்பதுதான் அவருடைய கவலை!

பிறப்புச் சான்றிதழ்? வீட்டோடு எரிந்துவிட்டது. பிரதி எடுக்கப் போனால், அந்தப் பதிவுப் புத்தகமே இல்லை என்கிறார்கள். போதாக்குறைக்கு, கடை போர்டில் 'இஸ்மாலெப்பை அன்ட் சன்' என்று இருக்கிறதே என்று அதையும் ஒரு ஆதாரமாகச் செயலாளர் எடுத்துவிட்டார். போர்டு எழுதிய பெயின்டரையும் சாட்சிக்குக் கூப்பிடாத குறைதான்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கையால் எழுதிய படிவமாக அலுமாரியில் கிடந்தவரை அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே பொய், அதே ஆள் எழுதியது... கொம்பியூட்டரில் போய் வெளியே வந்ததும் வேதவாக்காகிவிடுமா? பக்கத்து வீட்டுக்காரன் கண்ணால் கண்டதெல்லாம் ஒரு பிரின்டருக்குச் சமமில்லையா?

செயலாளர் ஒரு வழி சொன்னாராம். றிஸ்வான் என் மகன் இல்லை, நான் ஆதரித்து வளர்த்த அநாதை என்று இஸ்மாலெப்பை காக்கா நிர்வாக சபைக்கு முன்னால் எழுதி ஒப்பமிட வேண்டும். வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பின்னேரம் காக்கா என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஏழு வருஷமா இந்தச் சொல்லு அவன்ட காதுல விழாமப் பாத்துக்கிட்டன் சேர். இப்ப நானே எழுதிக் குடுக்கவா?"

அதற்குப் பிறகும் மனிதன் கத்தாமல் இருப்பானா?

வெள்ளிக்கிழமை முதலில் மரியாதையாகத்தான் கதைத்தேன். படிவத்தைப் பிழையாக எழுதியது நான், பிழையாக அடித்ததும் நான், நானே திருத்தித் தருகிறேன் என்றேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்க எழுதின மத்தப் படிவமெல்லாம் சரியெண்டு நாங்க எப்பிடி சேர் நம்புற?" என்று கேட்டார். சுருக்கென்று தைத்தது. அவர் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

மூலையில் மௌலவி இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி — பொடியன் அந்த வீட்டுக்கு எத்தனை வயதில் வந்தான்? ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் சகோதரர்களாகிவிடுவார்கள் அல்லவா, அதற்காகக் கேட்டார். பதினான்கு என்றேன். அப்படியானால் மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை என்று சொல்லிவிட்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா?

"மார்க்கம் சரி மௌலவி. ரெக்கோட்டுக்கு ஒண்டு வேணுமே."

அந்த இடத்தில்தான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அங்கிருந்து நேரே இஸ்மாலெப்பை காக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். கதவுக்குப் பின்னால் பர்சானா நின்றாள். என்னிடம் படித்த பிள்ளை, வகுப்பில் வாய் திறக்காதவள். அன்றைக்கு அவளே முந்திக்கொண்டு பேசினாள்.

"வந்த நாளில இருந்து நான் அவரை மச்சான் எண்டுதான் கூப்பிடுற. ஒருநாளும் காக்கா எண்டு கூப்பிட்டதில்ல. அதை நீங்க எங்க சேர் எழுதியிரிக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காக்காவை என் வீட்டுக்குக் கூப்பிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் பக்கத்தில் உட்கார வைத்தேன். இஸ்மாலெப்பைக்கும் றிஸ்வானுக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்தேன். ஒரு பட்டன்தான், ஒரு வினாடிகூட எடுக்கவில்லை. றிஸ்வானின் கட்டம் திரையின் ஓரத்தில் போய் ஒருவரோடும் ஒட்டாமல் தனியே நின்றது.

காக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பிடியா சேர் விடப் போறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருடமாக இந்தக் குடும்பத்தோடு பழகுகிறேன். படிவம் எழுதினேன், அடித்தேன், ஊருக்கு முன்னால் கத்தினேன். ஒரு தடவையாவது கேட்டேனா?

"தங்கச்சிட பேர் என்ன காக்கா?"

அவர் கிரீஸ் ஏறிய விரல்களைச் சாரத்தில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சல்மா உம்மா" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு வருடக்கணக்கு என்று அவருடைய மனைவி பிற்பாடு சொன்னார்.

அடித்தேன். சல்மா உம்மாவின் கணவர் பெயரையும் கேட்டு அடித்தேன். காக்காவுடைய உம்மா வாப்பாவின் பெயரை மேலே போட்டேன். கோடுகள் தாமாகவே விழுந்தன. மேலே பெற்றவர்கள், கீழே இஸ்மாலெப்பை, பக்கத்தில் தங்கச்சி சல்மா. காக்காவுக்குக் கீழே பர்சானா, தங்கச்சிக்குக் கீழே றிஸ்வான். ஒருவரும் தனியே இல்லை. காக்கா இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவர். தங்கச்சி எந்தக் கட்டம் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை புதுத் தாளைச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை வைத்துப் பார்த்தார், ரெக்கோட்டில் ஏறிவிட்டதென்று திருப்தியானார், கலியாணக் கடிதத்தில் ஒப்பமிட்டார். அந்த அநாதைக் கடிதத்தைப் பற்றிப் பிறகு ஒரு பேச்சுமில்லை. கலியாணக் கடிதத்தை என் கையில் தரும்போது, முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் இவ்வளவு சத்தம் தேவையில்லையே சேர் என்றார்.

எனக்கு மறுபடியும் ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் இந்த முறை கத்தவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை, செய்திருக்கலாம். எங்கள் படிவத்தில்தான் சல்மா உம்மாவுக்கு இடமில்லை. அரிசி வாங்க வருகிறவர்களைத்தானே எழுதினோம்...

முந்நூறு வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டோம். அந்த வருடத்தில் போய், யார் இல்லை என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை.