ஏகாம்பரம் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதன் மாடியில் பாஷ்யம் ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்திவந்தார். 1991 முதல் பத்து வருடம் அங்கே ஏகாம்பரம்தான் ஒலிப்பதிவாளர். அவருக்குப் பார்வை கிடையாது. நாலு வயதில் வந்த பெரியம்மை இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே நெல் விளைகிற ஒரு சின்ன ஊர் அவருடையது. தகப்பனார் அவரைப் பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார். அங்கே பிரெய்லி, ஆர்மோனியம், நாற்காலி பின்னல், கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் கற்றார். லீவில் ஊருக்கு வந்து மாட்டை அவிழ்க்கப் போனாலும் சரி, கிணற்றடிக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உன்னால ஆவாதுடா, குந்து." கண் போனதைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் சுட்டது.

ஸ்டூடியோவில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நாடா சுற்றிய இரண்டு ரீல்களையும் கைகளால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவார். சொல் எங்கே முடிகிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடிப்பார். பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு, மேலே ஒட்டுநாடா, விரலால் ஒரு நீவல். ஒட்டிய இடம் எதுவென்று பாடியவருக்கே தெரியாது. ஆடி மாதத்து அம்மன் பாட்டு, தேர்தல் நேரத்து ஆட்டோப் பிரசாரம், மாமல்லபுரம் கடைகளின் விளம்பரம் என்று எல்லாம் அவர் கைப்பட்டுத்தான் வெளியே போயின. அந்த வேலையை நம்பித்தான் அம்சாவைக் கட்டிக்கொண்டார். பிரபா பிறந்தாள்.

2001-ல் பாஷ்யம் கம்ப்யூட்டர் வாங்கினார். கேசட்டை விட்டு எல்லோரும் சிடிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து குமார் என்பவன் வந்து இரண்டு சாஃப்ட்வேர்களைப் போட்டுக்கொடுத்தான். ஒரு மாதம் இரண்டையும் பார்த்துவிட்டு, எது வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

ஏகாம்பரம் தன் பள்ளித் தோழர்கள் மூலம், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஒரு புரோகிராம் வாங்கி வந்து போட்டார். முதல் சாஃப்ட்வேரில் எல்லா வேலைக்கும் ஒரு விசை இருந்தது. எதை அழுத்தினாலும் அந்தப் புரோகிராம் அதைச் சொன்னது. பத்தே நாளில் அவர் அதில் ஒரு முழுப் பாட்டை வெட்டி ஒட்டிவிட்டார். இரண்டாவது அப்படி இல்லை. அதில் குரல் அலையலையாகப் படமாக விழும். மவுஸை நகர்த்தி, படத்தைப் பார்த்து வெட்ட வேண்டும். பேசும் புரோகிராம் அதற்குள் போனால் "கிராஃபிக், கிராஃபிக்" என்று சொல்லிவிட்டு ஊமையாகிவிடும்.

மாதக் கடைசியில் பாஷ்யம் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். குமாரும் இருந்தான்.

"ஏகாம்பரம், மனசுல இருக்கறத ஒளிக்காம சொல்லு. மெட்ராஸ்ல எல்லாரும் ரெண்டாவதுலதான் வேலை பண்றா. நாமளும் அதுல பண்ணிக் குடுத்தா அப்படியே எடுத்துப்பா. ஆனா உனக்கு அது சரிப்படாதுன்னா சொல்லிடு. முதலாவதையே வாங்கிடறேன். மெஷினைவிட எனக்கு நீ முக்கியம்."

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் குமார் சிரித்தான்.

"அண்ணாத்தைக்கு எப்டி சார் ஆவும்? இது படம் பாத்து வெட்றது சார்."

ஏகாம்பரத்துக்குக் காது மடல் சூடானது.

"எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டாவதையே வாங்குங்க" என்றார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

வீட்டில் அம்சாவிடம், "சார் புதுசு வாங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னார். அவர் விருப்பத்தைக் கேட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் மேஜையில் மவுஸ் எத்தனை விரல்கடை நகர்ந்தால் எங்கே நிற்கும் என்று மனப்பாடம் செய்து பார்த்தார். முடியவில்லை. பிறகு அம்சாவைக் கூடவே அழைத்துப்போனார். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள். மவுஸை அவள் பிடித்துக்கொள்வாள். அவர் பதிவைக் காதால் கேட்டபடியே, "நிறுத்து. கொஞ்சம் பின்னால. அங்க வெட்டு" என்பார். வேலை நடந்தது. பாஷ்யமும் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் அம்சாவுக்குப் படம் பழகிவிட்டது. மலை மாதிரி எழும்பினால் குரல், கோடாகப் படுத்துவிட்டால் மௌனம். அவர் சொல்வதற்கு முன்பே வெட்டத் தொடங்கினாள்.

"மூச்ச சேத்து வெட்டிட்ட" என்பார் அவர்.

"கோடாத்தான் கீது, ஒண்ணும் தெரியலயே."

"தெரியாது. கேக்கும்."

ஒரு நாள் அம்சாவுக்குக் காய்ச்சல். மாமல்லபுரத்திலிருந்து வரலட்சுமி என்ற ரிட்டயர்டு டீச்சர் அன்று பாட வந்திருந்தார். வயதானவர். இரண்டு பஸ் மாறி, மாடிப்படி ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்ப ஏகாம்பரத்துக்கு மனம் வரவில்லை. பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் மட்டும் இரண்டு விசை அவருக்குத் தெரியும்; தனியாகவே பதிவுசெய்தார். காலை முழுக்க ஐந்து பாட்டு. ஒவ்வொன்றும் அருமையாக வந்தது. முடித்து மூடும்போது சேமிக்காமலே மூடிவிடவா என்று திரையில் ஒரு கேள்வி எழும்பியிருக்கிறது. பேசும் புரோகிராம் வாய் திறக்கவில்லை. சேமித்துவிட்டதாக நினைத்து அவர் என்டரை அழுத்தினார். ஐந்து பாட்டும் போயின.

பாஷ்யம் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. வரலட்சுமி, "போனா போறதுப்பா, இன்னொரு நாள் பாடிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மெல்லப் படியிறங்கிப் போனார். அவர் திரும்பி வரவேயில்லை. அந்த மழைக்காலத்தில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

பாட்டுகள் அழிந்த அடுத்த வாரமே பாஷ்யம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு பேரை வெச்சுக்க எனக்குக் கட்டுப்படியாகாது, ஏகாம்பரம். அம்சா வரட்டும். நீ கொஞ்ச நாள் வீட்ல இரு."

அம்சா போக மாட்டேன் என்று அழுதாள். "உன் நாற்காலில நான் எப்டியா குந்துறது?"

"புள்ள பசிக்கு யார் நாற்காலியா இருந்தா இன்னா? போ" என்றார் அவர்.

அவள் போனாள். அவர் வீட்டில் உட்கார்ந்து பிரம்பு நாற்காலி பின்னினார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பழைய நாற்காலிகள் வேனில் வரும். பின்னி அனுப்புவார். ஆரம்பத்தில் அம்சா சிடி கொண்டுவந்து போட்டுக்காட்டி, "சரியா கீதா?" என்று கேட்பாள். பாதி வரிகளில் மூச்சு வெட்டுப்பட்டிருக்கும். "நல்லா கீது" என்பார். நாளடைவில் அவள் கொண்டுவருவதை நிறுத்தினாள். வீட்டில் ரேடியோவும் பாடுவதில்லை.

சுனாமி வந்த வாரம், கொளவாய் ஏரிப் பக்கம் அவர்கள் குடியிருந்த தெரு வழியாக மைக் கட்டிய ஆட்டோ ஒன்று போனது. கடற்கரைக் குப்பங்களில் வீடிழந்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், துணியும் அரிசியும் எங்கே கொண்டுவந்து கொடுக்கலாம் என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போனது. அம்சாவின் குரல். பேச ஆள் கிடைக்காமல் அவளே பேசி, அவளே வெட்டி ஒட்டியிருக்கிறாள். ஏகாம்பரம் பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒரு வெட்டுக்கூடத் தெரியவில்லை. மூச்செல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோடு திரும்பும்வரை கேட்டார். அவள் வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

2008-ல் பாஷ்யம் ஸ்டூடியோவை மூடினார். ஆளாளுக்கு வீட்டிலேயே பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார்கள். கடைசி நாள், பழைய கம்ப்யூட்டரை அம்சாவிடமே கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதலாவதையே வாங்கியிருப்பேன். கேட்டேனே, ரெண்டும் ஒண்ணுதான்னுட்டான்" என்றார்.

அம்சா ஆட்டோவில் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். அதைத் தரையில் வைத்துவிட்டு அவர் எதிரே நின்றாள்.

"எது வேணும்னு சார் உன்ன கேட்டாரா?"

அவர் கை நின்றது. "கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவர் பாதி பின்னிய நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசம்யா. உன் சோத்தப் புடுங்கித் துன்றேன்னு நெனச்சிகினு ஏழு வருசம் அந்தப் படி ஏறியிருக்கேன். உன் மூஞ்சப் பாத்து ஒரு வாய் சிரிச்சதில்ல. நீ வேணாம்னு சொன்னத நான் திருடுனா மாதிரி..." தரையில் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அந்தக் கெழவி பாட்டுகூட இருந்திருக்கும்யா."

"அவன் சிரிச்சான், அம்சா" என்றார் ஏகாம்பரம். "ஆவாதுன்னு சொல்லி சிரிச்சான்."

"எவன்?"

"கடைக்காரன். குமாரு."

"அவன் மூஞ்சி எனுக்குத் தெரியாது. ரெண்டு தடவ வந்துட்டுப் போனவன். அவனுக்காகவா?"

அவர் குனிந்துகொண்டார். பின்னிக்கொண்டிருந்த பிரம்பு நார் கையில் அப்படியே இருந்தது. அழுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அழவில்லை.

மூன்று நாள் கம்ப்யூட்டர் இறக்கிவைத்த இடத்திலேயே கிடந்தது. நாலாம் நாள் கம்ப்யூட்டரைக் கூடத்து மூலையில் பொருத்தினாள். யாரையோ பிடித்து அந்த முதல் சாஃப்ட்வேரையும் போடவைத்தாள். பேசும் புரோகிராம் இங்கிலீஷில் கரகரவென்று படித்தது.

"வா, குந்து. இப்பவாவது பண்ணு."

ஏகாம்பரம் எழுந்து வந்தார். விசைகளின் மேல் விரல்களை வைத்தார். பிரம்பு அறுத்து அறுத்து விரல்நுனியெல்லாம் காய்ப்புப் பிடித்திருந்தது. இரண்டு விசையை அழுத்தினார். புரோகிராம் ஏதோ சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு மறந்துபோயிருந்தது.

"பிரபாவுக்குக் குடு, படிக்கிற புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அம்சாவுக்கு முட்டுக்காட்டில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு பஸ். போகும்போது அவருக்குச் சோறு போட்டு மூடிவைத்து, "குழம்பு வலது பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் தலையாட்டுவார்.