தேவராஜைத் தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு

1977 மார்ச் மாதக் கடைசி. மக்களவைத் தேர்தல் முடிவு வந்து, எங்கே திரும்பினாலும் அதே பேச்சு. காலை ஏழரை மணிக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தருகே இரண்டு இட்லியும் ஒரு காப்பியுமாக எழுபது காசுக்குப் பசியாறிவிட்டு மணவாள நகருக்குக் கிளம்பினேன்.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன், என்ன படிப்பு, என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. சென்னையிலிருந்து என்னை அனுப்பிய ஆய்வுக்காரர்கள் வாக்காளர் பட்டியலில் குலுக்கல்போல் சில பெயர்களைப் பொறுக்கித் தந்திருந்தார்கள். அந்த ஆளைத்தான் கேட்கவேண்டும். அவர் இல்லாவிட்டால் தம்பியைக் கேட்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. எல்லாரையும் முடித்து, தேவராஜ் என்ற ஒரே ஒருவர் பாக்கி. இரண்டு நாள் போய் ஏமாந்தாயிற்று. இன்று பிடித்தால் உண்டு.

வீட்டில் அவர் மனைவி அஞ்சலை மட்டும் இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான். என்னைப் பார்த்ததும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"அக்கா, நீங்க நெசமா ஆபரேசன் ஆளு இல்லியே?"

கேட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நேற்று பக்கத்து வீட்டில் நான் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டது தேவராஜுக்குத் தெரிந்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஆண்கள் நடுங்கிக்கொண்டிருந்த காலம். மனுஷர் சாயங்காலமே கம்பி நீட்டிவிட்டார். கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. நான் ஊரைவிட்டுப் போகும்வரை அங்கேயே கூட்டாளிகள் அறையில்தான் தங்குவாராம். எனக்குக் கோபமாக வந்தது. ஊசி போடுகிற களை என் முகத்தில் எங்கே இருக்கிறது?

"நானும் வர்றேங்க்கா. உங்களத் தனியாப் பாத்தா மறுபடி ஓடிப்பூடுவாரு" என்று அஞ்சலை வீட்டைப் பூட்டினாள்.

ஒன்பது மணி பஸ். பெரியபாளையம் வழியாகப் புதுவாயல், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். ஆரணி ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மணல் கிடந்தது. பெரியபாளையத்தில் காலிக் கூடையோடு ஏறிய பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி, என் கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார்.

"நம்மளக் கேளும்மா. யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன், அல்லாத்தையும் சொல்றேன்."

"உங்க பேர் இதுல இல்லையே பாய்."

"ஓடறவனத் தொரத்திக்கினு போறீங்க, சொல்றவன வுட்டுர்றீங்க. இன்னாம்மா வேல இது!"

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பின் மறைவில்தான் அஞ்சலை என் காதோடு சொன்னாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்குது. அவராண்ட சொல்லணும்னு நேத்து பாயசம் வச்சேன். வாயில வெக்காமலே பூட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இதுவரை என் வேலைக்காகத் தேடிய ஆளை, இப்போது அவளுக்காகவும் பிடித்தாகவேண்டும்.

புதுவாயலில் இறங்கி, லாரிப் புழுதிக்கு நடுவே ஆளுக்கொரு டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். கும்மிடிப்பூண்டி ஏழெட்டு கிலோமீட்டர்தான். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது தொழிற்சாலை வாசலில் நின்றோம். வெளியே வந்த தேவராஜ் மனைவியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அடுத்து என்னைப் பார்த்தார். அடுத்த நொடி ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்தார்.

"மாமோவ், நில்லு! இவங்க ஓட்டப் பத்திக் கேக்க வந்தவங்க!"

"ஓட்டுதான் முடிஞ்சிபோச்சே! முதல்ல பையக் காட்டச் சொல்லு!"

பையைக் கவிழ்த்தேன். குடை, சீப்பு, இரண்டு பேனா, பாதி பிஸ்கட் பொட்டலம். கூட வேலை செய்பவர்கள் கைதட்டிச் சிரிக்க, அசடு வழிந்துகொண்டு வந்தார்.

பதில் சொல்லும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. அஞ்சலையைத் தண்ணீர்க் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, அவரும் நானும் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். குடையையும் பேனாவையும் பார்த்து என்னை டீச்சரம்மா ஆக்கிவிட்டார். முதலில் ஒற்றை வார்த்தை. போகப் போக மடை திறந்தது. யாருக்குப் போட்டார் என்பதை இங்கே எழுதமாட்டேன். உங்களைப் போன்றவர்கள் சொல்வது அரசாங்கத்தின் காதில் விழுகிறதா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"இந்த வாட்டி டெல்லி வரிக்கும் கேட்டிச்சில்ல?"

கடைசியில் பிள்ளைகள் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சைபர். ஆனா எங்களுக்குன்னு ஒண்ணு பொறக்கணும் டீச்சரம்மா. அதையும் எழுதிக்கோங்க. நான் எந்த முகாமுக்கும் வரமாட்டேன்."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. அது அஞ்சலை சொல்லவேண்டிய சேதி. நாக்கைக் கடித்துக்கொண்டு சைபர் போட்டேன். குழாயடிப் பக்கம் கையைக் காட்டி, "போய்ப் பாருங்க" என்றேன்.

சென்னை பஸ் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலை ஏதோ சொல்வதும், அவர் தலையில் கைவைத்து நிற்பதும் தெரிந்தன. பஸ் நகர்ந்தது. என்னைக் கண்டு ஊர்விட்டு ஊர் ஓடிய மனிதர், இப்போது என் பஸ்ஸின் பின்னால் ஓடிவந்தார்.

"டீச்சரம்மா! ஒண்ணு! சைபர அடிச்சிட்டு ஒண்ணுன்னு போடுங்க!"

பிறந்த பிள்ளையைத்தான் கணக்கில் சேர்க்கலாம் என்பது விதி. அதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் விளக்குவது?

"போட்டுட்டேன்!" என்று கத்தினேன்.