ஏழாம் கொழுக்கி

என் வீட்டு நடையில் ஒரு பித்தளைக் கொழுக்கி இருக்கிறது. மேலே ஏழு என்று பொறித்த சிறு தகடு. மதுக்கூடம் இடிபடுவதற்கு முந்தைய வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்று முன், நானே கழற்றி எடுத்தேன்.

தென் லண்டனில் ட்ராம் பாதையருகே இருந்த அந்த மதுக்கூடம், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்காக நான் பிறக்குமுன்பே திறக்கப்பட்டது. அங்கே பெயர் கேட்கும் வழக்கம் இல்லை. கோட்டு மாட்டும் கொழுக்கியின் எண்ணே ஆளின் பெயர். பொலிஸ் வந்து விசாரித்த காலத்து ஏற்பாடு, பின்னரும் நிலைத்துவிட்டது. என் எண் பதினெட்டு. நான் அண்ணை என்று கூப்பிட்டவர் ஏழு. மிச்சம் என்ற புறநகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வெளியார் பார்க்காதபடி ஜன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்த நாள்களிலிருந்தே ஞாயிறு மதியங்களில் வருபவர். முதல்முறை நான் வாசலில் தயங்கி நின்றபோது, முகத்தைப் பார்த்தே தமிழன் என்று ஊகித்து, "உள்ளுக்கு வாடாப்பா, இஞ்ச ஒருத்தரும் ஊர் விசாரிக்க மாட்டினம்" என்று கூப்பிட்டவர்.

எதையும் திகதியிட்டு எழுதிவைப்பவன் நான். அண்ணை சொல்லச் சொல்ல அந்த இடத்தின் வரலாற்றை நான்கு கொப்பிகளில் எழுதினேன். கறுப்புச் சாயம் சுரண்டப்பட்ட நாள். எயிட்ஸ் நோய் பரவிய ஆண்டுகளில், குடும்பத்தார் வராத செத்தவீடுகளுக்குப் பின் அங்கே பரிமாறப்பட்ட சாப்பாடு. குரோய்டனில் அகதி விசாரணை முடிந்து நேரே அங்கே வந்து அழுதவர்கள். திகதிகள் அத்தனையும் சரி. பெயர்தான் ஒன்றும் இல்லை, எல்லாம் கொழுக்கி எண்கள்.

மாடிவீடுகள் கட்டுவதற்காக உரிமையாளர் இடத்தை விற்க முயன்றபோதுதான் என் பிழை விளங்கியது. கவுன்சில் கூட்டத்தில் எண்கள் சாட்சி சொல்ல மாட்டா. பழைய ஆள் ஒருவர் சொந்தப் பெயரில் எழுந்து நிற்க வேண்டும். கறுப்பு ஜன்னல் காலத்தவரில் எஞ்சியிருந்தவர் அண்ணை மட்டுமே. "நான் சொல்லுறன். அதுதானே என்ர வீடு" என்றார்.

நான் முதலில் பேசினேன். என் பெயரையும் நான் யார் என்பதையும் சொன்னேன். வேறு ஏதோ அனுமதிக்காக அண்ணையைத் தெரிந்த, மிச்சம் நகர்த் தமிழ்க் கடைக்காரர் இருவர் பின்வரிசையில் காத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அண்ணை கவனித்துவிட்டார். அவர் முறை வந்ததும், தாம் அங்கே மதுவில் பிழியும் தேசிக்காய் கொடுக்கப் போய்வந்தவர் மட்டுமே என்று ஆங்கிலத்தில் சொல்லி அமர்ந்தார். தேசிக்காய்! ஜின்னில் மிதக்கும் துண்டைக்கூட எடுத்து வெளியே வைப்பவர்.

வெளியே வந்ததும், "கோவிக்காத. அவங்கள் இருந்தாங்கள். என்னால ஏலாமப் போச்சு" என்றார்.

"நானும் அவங்களுக்கு முன்னாலதானே சொன்னனான், அண்ணை?"

அவர் ட்ராமைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதுக்கூடம் போய்விட்டது.

போன ஞாயிறு மதியம், மழையில், அறிவிக்காமல் என் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டே கோட்டைக் கழற்றி, பார்க்காமலே ஏழில் மாட்டினார். பிறகுதான் தகட்டைக் கண்டார். கை அங்கேயே நின்றது.

"தேத்தண்ணி போடுறியே?"

"தேசிக்காய் விடவோ, அண்ணை?"

வெறும் தேநீரைக் குடித்து முடித்தார், போய்விட்டார். கொப்பியைத் திறந்து திகதியும் நேரமும் எழுதினேன். பேனா அவர் பெயரின் முதல் எழுத்துவரை போனது. அதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். கொழுக்கியின் கீழே, அவர் கோட்டிலிருந்து வடிந்த மழைநீர் இன்னும் காயவில்லை.